நேரலையில் வாழ்ந்த நகரம்: சாவோ பாவ்லோவின் சினிமா, நாடக, டி.வி. நாட்கள்

1950-ம் ஆண்டு, செப்டம்பர் 18. பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ நகரம் ஒரு புதுப் பொருளைப் பார்க்கக் காத்திருந்தது. அன்று இரவுதான் ‘டி.வி. துப்பி’ ஒளிபரப்பைத் தொடங்கியது. பிரேசிலுக்கு மட்டுமல்ல, தென் அமெரிக்காவுக்கே அதுதான் முதல் டி.வி. நிலையம்.

தொடங்கியவர் அசிஸ் ஷத்தோபிரியாண். பத்திரிகைகள், வானொலி நிலையங்கள் என்று நாடு முழுக்க ஒரு சாம்ராஜ்யமே வைத்திருந்த செய்தித்தாள் அதிபர். நிலையம் தயார், நடிகர்கள் தயார். ஆனால், நிகழ்ச்சியைப் பார்க்க யார் வீட்டிலும் டி.வி. பெட்டி இல்லையே! அவசர அவசரமாக சுமார் 200 பெட்டிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார் ஷத்தோபிரியாண். சுங்கத்துறைக்குத் தெரியாமல் வந்து இறங்கியவை அவை என்று இன்றும் சொல்வார்கள். சில பெட்டிகள் செல்வந்தர்களின் வரவேற்பறைக்குப் போயின. மற்றவை கடைகளின் கண்ணாடி ஜன்னல்களுக்குப் பின்னால் வைக்கப்பட்டன. ஜனங்கள் தெருவில் நின்று பார்த்தார்கள்.

ஒளிபரப்பு தொடங்கும் நேரத்தில், இருந்த கேமராக்களில் ஒன்று மக்கர் செய்தது. மிச்சமிருந்ததை வைத்துச் சமாளித்தார்கள். அன்றைக்கென்று எழுதிய டி.வி. வாழ்த்துப் பாடலைப் பாட வேண்டியவர் எபி கமார்கோ என்ற இளம் பாடகி. அவர் வரவே இல்லை! லோலிட்டா ரோட்ரிகஸ் என்ற இன்னொரு பாடகியை நிறுத்திப் பாட வைத்தார்கள். அன்று வராமல் போன அதே எபி கமார்கோதான், பிறகு அறுபது ஆண்டுகள் பிரேசில் டி.வி.யின் செல்லத் தொகுப்பாளினியாக இருந்தார் என்பது வேடிக்கை.

இந்த விவரங்களெல்லாம் வாய்வழியாகவும் நினைவுக் குறிப்புகளாகவும்தான் கிடைக்கின்றன. அந்த முதல் ஒளிபரப்பை இன்று யாரும் போட்டுப் பார்க்க முடியாது. காரணம், அன்று டி.வி. நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் வீடியோ டேப் வசதி இல்லை. காற்றில் போனது காற்றோடு போயிற்று.

பக்கத்து வீட்டு டி.வி.

அப்போது சாவோ பாவ்லோவின் மக்கள்தொகை சுமார் 22 லட்சம். இத்தாலி, ஜப்பான், லெபனான், போர்ச்சுகல் என்று பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள், பிரேசிலின் வறண்ட வடகிழக்கிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் என எல்லோரும் கலந்த தொழில் நகரம். தொழிற்சாலைச் சம்பளத்தில் டி.வி. வாங்குவது கனவிலும் நடக்காத காரியம்.

அதனால் ஒரு புதுச் சொல் பிறந்தது. போர்ச்சுகீசிய மொழியில் ‘விசின்யோ’ என்றால் பக்கத்து வீட்டுக்காரர். பக்கத்து வீட்டில் போய் டி.வி. பார்ப்பவர் ‘டெலிவிசின்யோ’ ஆனார்! டி.வி. உள்ள வீட்டில் மாலையானால் தெருவே கூடிவிடும். வீட்டம்மாவுக்கு அது பெருமையும்கூட, தலைவலியும்கூட.

டை கட்டினால்தான் படம்

டி.வி. வந்தாலும் அந்த நகரத்தின் ராஜா சினிமாதான். சாவோ ஜுவாவ், இப்பிராங்கா என்ற இரண்டு பெரிய சாலைகளைச் சுற்றி வரிசையாகத் தியேட்டர்கள். அந்தப் பகுதிக்கே ‘சினிலாண்டியா’, அதாவது சினிமா பூமி என்று பெயர். மெட்ரோ, ஆர்ட் பலாசியோ, இப்பிராங்கா, மரபா, மர்ரோக்கோஸ் என்று ஒவ்வொன்றும் ஓர் அரண்மனை.

படம் பார்க்கப் போவது ஒரு விசேஷத்துக்குப் போவது மாதிரி. ஆண்கள் கோட்டும் டையும் அணிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சொகுசுத் தியேட்டர்களில் உள்ளே விட மாட்டார்கள். பெண்கள் இருப்பதிலேயே நல்ல உடையை எடுத்து உடுத்துவார்கள். 1951-ல் திறக்கப்பட்ட மர்ரோக்கோஸ், தென் அமெரிக்காவிலேயே ஆடம்பரமான தியேட்டர் என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டது. 1954-ல் நகரத்தின் 400-வது ஆண்டு விழாவை ஒட்டி அங்கே சர்வதேசத் திரைப்பட விழா நடந்தது. எரோல் ஃபிளின், ஜோன் ஃபான்டெய்ன், எட்வர்ட் ஜி. ராபின்சன் போன்ற ஹாலிவுட் நட்சத்திரங்கள் நேரிலேயே வந்து இறங்கினார்கள்.

தொழிலாளர்கள் வாழ்ந்த பிராஸ் பகுதியிலும் குறைச்சல் இல்லை. அங்கிருந்த பிரட்டினிங்கா தியேட்டரில் 4,000-க்கும் மேற்பட்ட இருக்கைகள்! ஜப்பானியர்கள் நிறைந்த லிபர்டாஜ் பகுதியில், 1953-ல் நிட்டெரோய் என்ற தியேட்டர் ஜப்பானியப் படங்களுக்கென்றே திறக்கப்பட்டது. காபித் தோட்டங்களில் பாடுபட்டு, நகரத்துக்கு நகர்ந்த குடும்பங்கள், விட்டு வந்த ஊரை அந்தத் திரையில்தான் மறுபடி பார்த்தார்கள்.

ஒரே முகம், மூன்று மேடை

அந்தக் காலத்து சாவோ பாவ்லோவில் நாடகம், சினிமா, டி.வி. மூன்றும் தனித்தனி உலகங்கள் இல்லை. காலையில் ஸ்டுடியோ, மாலையில் மேடை, வாரத்தில் ஒருநாள் டி.வி. என்று ஒரே முகங்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

இதற்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் ஃபிராங்கோ சம்பாரி என்ற இத்தாலிய எஞ்சினீயர். 1948-ல் பெலா விஸ்டா பகுதியில் ‘டி.பி.சி.’ என்ற நாடக அரங்கைத் தொடங்கினார். ஐரோப்பாவிலிருந்து இயக்குநர்களை அழைத்து வந்தார். நடிகர்களுக்கு முறையாகச் சம்பளம் கொடுத்தார். பொழுதுபோக்குக்காக நடித்தவர்கள், அதையே தொழிலாகக் கொண்டு வாழ முடியும் என்ற நிலை வந்தது. அங்கே முதலில் சம்பளத்துக்கு நடித்தவர் கசில்டா பெக்கர். மெலிந்த உருவம், ஆனால், மேடை ஏறினால் அரங்கம் மூச்சு விட மறக்கும் என்று பெயரெடுத்தவர்.

நாடகம் சூடுபிடித்ததும் சம்பாரிக்கு சினிமா ஆசை. தொழிலதிபர் பிரான்சிஸ்கோ மட்டராசோவோடு சேர்ந்து 1949-ல் நகருக்கு அருகே சாவோ பெர்னார்டோவில் ‘வேரா குரூஸ்’ ஸ்டுடியோவை நிறுவினார். ஹாலிவுட் மாதிரியே நம் நாட்டிலும் படம் எடுக்கலாம் என்பது கனவு. டி.பி.சி. நடிகர்களே இங்கும் நட்சத்திரங்கள். 1953-ல் வெளிவந்த ‘ஓ கங்காசெய்ரோ’, வடகிழக்கு பிரேசிலின் கொள்ளைக்காரர்களைப் பற்றிய படம், கான் திரைப்பட விழாவில் பரிசு வாங்கியது. பல நாடுகளில் ஓடியது.

ஆனால், காசு வந்து சேர்ந்தது யாருக்கு? வெளிநாட்டு விநியோக உரிமை கொலம்பியா நிறுவனத்திடம் போயிருந்தது. உள்ளூரிலோ டிக்கெட் விலையை அரசு கட்டிவைத்திருந்தது. செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனது. 1954-ல் வேரா குரூஸ் கடனில் மூழ்கியது. சம்பாரி தன் சொத்தையெல்லாம் இழந்தார். பரிசு வாங்கிய படத்தை எடுத்தவர் கைவிட்டுப் போனார் என்பதுதான் அந்தக் கதையின் முடிவு.

அந்த இடிபாட்டிலிருந்து ஒருவர் மட்டும் நிமிர்ந்து எழுந்தார். அவர் அமாசியோ மசாரோப்பி. சர்க்கஸ் கூடாரத்திலும், ஊர் ஊராகப் போகும் நாடகக் கொட்டகையிலும் வளர்ந்த நகைச்சுவைக் கலைஞர். பிறகு வானொலி. பிறகு டி.வி. துப்பி. 1952-ல் வேரா குரூஸ் எடுத்த ‘சாய் த ஃப்ரெஞ்ச்சி’ படத்தில் லாரி டிரைவராக வந்து சிரிக்கவைத்தார். மற்றவர்கள் ஸ்டுடியோவை நம்பி இருந்தபோது, 1958-ல் சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கினார். கட்டம் போட்ட சட்டை, ஏற்றிக் கட்டிய கால்சட்டை, வெகுளித்தனம், அதற்குள் ஒளிந்த சாமர்த்தியம் என்று ஒரு கிராமத்தானை உருவாக்கினார். விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். ஜனங்களோ வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் நேற்றுவரை கிராமத்தில் இருந்தவர்கள்தானே! டிக்கெட் கணக்கில் தியேட்டர்காரர்கள் ஏமாற்றிவிடக் கூடாதென்று, தன் ஆட்களையே வாசலில் நிறுத்தித் தலையை எண்ணவைத்தார் என்பார்கள். சம்பாரி தவறவிட்ட பாடத்தை மசாரோப்பி சரியாகப் படித்திருந்தார்.

தவறினால் தவறியதுதான்

இனி டி.வி. ஸ்டுடியோவுக்குள் போவோம். வீடியோ டேப் பிரேசிலில் பயன்பாட்டுக்கு வந்தது 1960 வாக்கில்தான். அதுவரை எல்லாமே நேரலை. ஷேக்ஸ்பியர் நாடகமா? நேரலை. காதல் தொடரா? நேரலை. ஃபிரிட்ஜ் விளம்பரமா? அதுவும் நேரலை! விளம்பரப் பெண் சிரித்தபடி கதவைத் திறக்கும்போது கதவு திறக்க மறுத்தால், நாடே பார்க்கும். வசனம் மறந்தால் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொடுக்க வேண்டும். இரண்டாவது ‘டேக்’ என்ற பேச்சே இல்லை.

1952-ல் தொடங்கிய ‘டி.வி. த வாங்குவார்டா’ நிகழ்ச்சி, ஞாயிறு இரவுகளில் உலக இலக்கியத்தையே வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது. அதற்குச் சற்று முன்பு, 1951 டிசம்பரில் ‘சுவா விடா மி பெர்டென்சி’ தொடங்கியது. ‘உன் வாழ்க்கை எனக்குச் சொந்தம்’ என்று பொருள். பிரேசிலின் முதல் டி.வி. தொடர் அதுதான். வாரத்துக்கு இரண்டு நாள், மொத்தம் 15 அத்தியாயங்கள். எழுதி, நாயகனாகவும் நடித்தவர் வால்டர் ஃபோர்ஸ்டர். நாயகி விடா ஆல்வெஸ்.

1952 பிப்ரவரியில் வந்த கடைசி அத்தியாயத்தில் இருவரும் முத்தமிட்டுக்கொண்டார்கள். உதடும் உதடும் லேசாகத் தொட்டு விலகியது, அவ்வளவுதான். ஆனாலும் நாடு பேசியது! பிரேசில் டி.வி.யின் முதல் முத்தம். அதைப் பார்த்தவர்கள், அந்த நேரத்தில் பெட்டிக்கு முன்னால் இருந்தவர்கள் மட்டுமே. ஒளிப்பதிவு கிடையாது.

ஸ்டேடியத்தை நிறைத்த சீரியல்

டேப் வந்ததும் நிலைமை மாறியது. ஒரு அத்தியாயத்தைப் பதிவு செய்து வேறு ஊருக்கும் அனுப்பலாம். தினமும் ஒரு அத்தியாயம் போடலாம். 1963-ல் எக்செல்சியர் டி.வி. முதல் தினசரித் தொடரைத் தொடங்கியது. 1964 டிசம்பரில் துப்பி ஆரம்பித்த ‘பிறப்புரிமை’ என்று பொருள்படும் தொடர் நாட்டையே கட்டிப்போட்டது. கியூப வானொலித் தொடர் ஒன்றைத் தழுவிய கதை. தாய் வளர்க்க முடியாத குழந்தையை, கறுப்பினப் பணிப்பெண் ‘மாமயி டோலோரிஸ்’ எடுத்து வளர்க்கிறாள். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் இசவுரா புரூனோ.

1965 ஆகஸ்டில் தொடர் முடிந்தபோது விழா எடுத்தார்கள். சாவோ பாவ்லோவின் இபிராபுவேரா உள்ளரங்கமும், ரியோவின் மரக்கனாசின்யோவும் நிரம்பி வழிந்தன. மாமயி டோலோரிஸைப் பார்த்து ஜனங்கள் அழுதார்கள். இந்தக் கதையின் கசப்பான பகுதி பிறகு வந்தது. அந்தக் காலத்தில் கறுப்பின நடிகைக்கு வேலைக்காரி வேடம் தாண்டி எதுவும் கிடைப்பது அரிது. வாய்ப்புகள் வற்றின. 1977-ல் இசவுரா புரூனோ வறுமையில் இறந்தார். ஒரு ஸ்டேடியமே கைதட்டியது. ஆனால், அந்தக் கைதட்டல் அவருக்குச் சோறு போடவில்லை.

மேடைக்கு வந்த அடி

1964-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. சாவோ பாவ்லோவின் சின்ன மேடைகள்தான் துணிந்து பேசின. அரேனா அரங்கில் 200 பேர்கூட உட்கார முடியாது. 1958-ல் அது மூடப்படும் நிலையில் இருந்தபோது, காப்பாற்றியது ஒரு தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றிய நாடகம். ஜான்பிரான்செஸ்கோ குவார்னியெரி எழுதி, வேலைநிறுத்தத்தை மீறும் மகனாக அவரே நடித்தார். 1981-ல் அது சினிமாவானபோது, அதே குவார்னியெரி தந்தை வேடம் ஏற்றார். அந்தப் படம் வெனிஸ் விழாவில் பரிசு பெற்றது.

டி.வி.யும் அரங்கமும் கைகோத்த உச்சம் 1967 அக்டோபர் 21. பாராமவுண்ட் அரங்கில் ரெக்கார்ட் டி.வி. நடத்திய பாடல் போட்டியின் இறுதிச் சுற்று. எடு லோபோவுக்கு முதல் பரிசு. ஜில்பெர்டோ ஜில், சிக்கோ புவார்க்கி, கயேட்டானோ வெலோசோ அடுத்தடுத்த இடங்கள். கூட்டத்தின் கூச்சலில் பாட முடியாத செர்ஜியோ ரிக்கார்டோ, கிதாரை உடைத்துப் பார்வையாளர்கள் பக்கம் வீசினார்! நல்லவேளையாக அந்த இரவு பதிவாகியிருந்தது. 2010-ல் அதை வைத்து ஒரு ஆவணப்படமே வந்தது. அன்று பிறக்காதவர்களும் இன்று அந்தக் கூச்சலைக் கேட்க முடிகிறது.

அடுத்த ஆண்டு சிரிப்பு மறைந்தது. 1968 ஜூலை 18-ம் தேதி இரவு, சிக்கோ புவார்க்கி எழுதிய ‘ஹோடா விவா’ நாடகம் முடிந்த நேரம். கம்யூனிஸ எதிர்ப்புக் கும்பல் ஒன்று ரூத் எஸ்கோபர் அரங்குக்குள் புகுந்தது. அரங்கப் பொருட்களை நொறுக்கியது. ஒப்பனை அறையில் இருந்த நடிகர், நடிகைகளை அடித்து அவமானப்படுத்தியது. மறுநாளும் அவர்கள் நாடகம் போட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 13-ல் வந்த அவசரச் சட்டம் தணிக்கையை இறுக்கிப் பூட்டியது. ஜிலும் கயேட்டானோவும் கைதாகி, பிறகு நாட்டைவிட்டே போக நேர்ந்தது.

தணிக்கைக்கு எதிராக மேடையேறி முழங்கியவர்களில் கசில்டா பெக்கரும் ஒருவர். 1969 மே 6-ம் தேதி, ‘கோதோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தின் இடைவேளையில் மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டுச் சரிந்தார். வேடம் கலைக்காமலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 38 நாட்கள் நினைவு திரும்பாமல் இருந்து, ஜூன் 14-ல் மறைந்தார். வயது 48. அவர் நடித்த நாடகங்கள் எத்தனையோ. சினிமாவோ இரண்டே இரண்டு. வேரா குரூஸ் அதன் கடைசி நாட்களில் எடுத்த ‘ஃப்ளோராடாஸ் நா செஹ்ரா’தான், இன்றைய தலைமுறை அவரைப் பார்க்க முக்கியமான ஜன்னல். நொடித்துப்போன கம்பெனி என்று கேலி செய்யப்பட்ட வேரா குரூஸ் இல்லையென்றால், அந்த நடிப்பின் அந்தத் துளியும் இருந்திருக்காது.

அணைந்த விளக்குகள்

1970-ல் எக்செல்சியர் டி.வி. மூடப்பட்டது. கடனும் சம்பள பாக்கியுமாகத் தள்ளாடிய துப்பியின் உரிமத்தை 1980 ஜூலையில் அரசு ரத்து செய்தது. 18-ம் தேதி ஒளிபரப்பு நின்றது. ஊழியர்கள் கேமரா முன்னாலேயே அழுதார்கள். மறுஆண்டு ஜூனில் மசாரோப்பியும் மறைந்தார்.

தியேட்டர்களும் ஒவ்வொன்றாகக் களை இழந்தன. நகரின் பணக்காரர்கள் வேறு பகுதிகளுக்கு நகர்ந்தார்கள். வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது, பிறகு மால்கள் வந்தன. பிரட்டினிங்கா வாகன நிறுத்துமிடம் ஆனது. மெட்ரோவில் பிரார்த்தனைக் கூட்டம் நடக்கிறது. நிட்டெரோயின் முதல் கட்டடம் 1960-களின் இறுதியில் புதுச் சாலைக்காக இடிபட்டது. ஹாலிவுட் நட்சத்திரங்கள் நடந்த மர்ரோக்கோஸில் 2013-ல் வீடற்ற குடும்பங்கள் குடியேறின. ஆனாலும் எல்லாமே போய்விடவில்லை. ஒலிடோ தியேட்டர் கலாசார மையமாகியிருக்கிறது. மரபா 2009-ல் ஐந்து திரைகளோடு மறுபடி திறந்தது. லிபர்டாஜின் ஜோயா தியேட்டரில் இப்போது இசைக் கச்சேரிகள்.

காப்பாற்றியது யார்?

பதிவானவையாவது பத்திரமாக இருக்கின்றனவா? டேப் விலை அதிகம் என்பதால், ஒரு நிகழ்ச்சியை அழித்து அதன்மேல் இன்னொன்றைப் பதிவு செய்வது அன்று வழக்கம். தப்பித்த துப்பி படச்சுருள்களில் பல, பழைய இறைச்சிக்கூடக் கட்டடத்தில் இயங்கும் ‘சினிமாடெகா பிரசிலெய்ரா’ ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அங்கும் 2016-ல் தீப்பிடித்து சுமார் ஆயிரம் பழைய சுருள்கள் எரிந்தன. 2021 ஜூலையில் காப்பகத்தின் இன்னொரு கிடங்கும் எரிந்தது. ஆள்பலமும் நிதியும் இல்லாமல் நிறுவனம் முடங்கிக் கிடந்த நேரம் அது. 2022-ல்தான் மறுபடி மக்களுக்குத் திறந்தது.

இந்த இழப்பை முன்கூட்டியே உணர்ந்தவர் ஒரு பெண். அந்த முதல் முத்தத்தின் நாயகி விடா ஆல்வெஸ்தான் அவர். 1995-ல் பழைய டி.வி. கலைஞர்களைத் திரட்டி ‘ப்ரோ டி.வி.’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். நடிகர்கள் மட்டுமல்ல, கேமராமேன், ஒப்பனைக் கலைஞர், விளம்பரப் பெண் என்று எல்லோரையும் உட்காரவைத்துப் பேசச் சொன்னார். பேசியதைப் பதிவு செய்தார். புகைப்படம், கடிதம், பழைய கருவி என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். டேப்பில் இல்லாத பத்து ஆண்டுகளை மனிதர்களின் ஞாபகத்திலிருந்து மீட்டார். 2017-ல், 88 வயதில், மறையும்வரை அந்த வேலையை அவர் விடவில்லை.

முதல் முத்தத்தைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், அதில் பங்குகொண்டவர் உயிரோடு இருக்கும்போதே அதைச் சொல்லிவைத்ததுதான். சாவோ பாவ்லோவின் அந்த ஒளிமயமான நாட்களைச் செல்வந்தர்கள் கட்டினார்கள். காலமும் கடனும் நெருப்பும் கலைத்தன. மிஞ்சியதைச் சேர்த்துவைத்தது, வயதானவர்கள் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்ட காதுகள்.